கடைசிப் பல்லவிக்கு முந்தைய மூச்சு

12 மார்ச் 2007, திங்கள்

லண்டன் வானொலியில் நேரடி நிகழ்ச்சி. முதல் அரை மணி நேரம் ஒழுங்காகத்தான் போனது. பிறகு அந்தத் தொகுப்பாளர் கண்ணை மூடிக்கொண்டு, “லோர்னா, ‘காயாத துணி’ பாட்டுல கடைசிப் பல்லவிக்கு முன்னாடி ஒரு மூச்சு வருதே... அதுக்காகவே நான் திரும்பத் திரும்பக் கேக்கறேன். அந்த மூச்சை எடுக்கும்போது மனசுல என்ன ஓடுச்சு?” என்று கேட்டார்.

“எங்கப்பா. அவரைப் புதைச்ச மறுநாள் பாடினது அது.”

எங்கிருந்து வந்தது இந்தப் பதில்? யோசிக்கக்கூட இல்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த ஃபிலிப்பா கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். என் மேனேஜருக்கு இப்படி ஒரு கதை கிடைத்தால் ஒரு மாதத்துக்குப் போதும்.

இங்கேயாவது உண்மையை எழுதி வைக்கிறேன். அந்த மூச்சு என்னுடையதல்ல. அதற்குப் பின்னால் உச்சத்துக்கு ஏறுகிற அந்த ஒரு வரியும் என்னுடையதல்ல. மார்வாவினுடையது.

போன வருடம் பிப்ரவரியில் எனக்குச் சளி, தொண்டை கட்டிவிட்டது. வாத்தியக்காரர்கள் கூடவே வாசிக்க வழிகாட்டியாக யாராவது ஒருமுறை பாட வேண்டும். பிறகு அழித்துவிடும் குரல்தானே என்று மார்வாவைக் கூப்பிட்டேன். பள்ளிக்கூடச் சமையலறையில் அவளுக்கு வேலை. இடையில் ஓடிவந்தாள், ஒரே ஒரு தடவை பாடினாள், பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டாள். பாடினதைத் திரும்பக் கேட்கக்கூட நிற்கவில்லை. அடுத்த மாதம் நான் மூன்று நாள் உட்கார்ந்து முப்பது தடவை பாடினேன். ஒலிப்பதிவு செய்யும் டங்கன் அதிலெல்லாம் நல்ல நல்ல துண்டுகளாகப் பொறுக்கி ஒட்டினான். எல்லா ஸ்டுடியோவிலும் அப்படித்தான் செய்கிறார்கள். மார்வாவின் குரலை அவன் ஒலிக்காதபடி மூடி வைக்க மறந்துவிட்டான், அதுவும் என் முப்பதோடு சேர்ந்து கிடந்து, அதிலிருந்து ஒரு துண்டும் பாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கடைசியாகப் போட்டுக் கேட்டபோது டங்கன் சொன்னான்: “இந்த இடத்துல மட்டும் நீ வேற ஆளா மாறிடறேம்மா!”

எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. எட்டு வயதிலிருந்து கோவில் பாடகர் குழுவான கொயரில் அவள் பக்கத்திலேயே நின்றிருக்கிறேன். “தேங்க்ஸ்” என்றேன்.

15 மார்ச்

குளியலறையில் நாற்பது தடவை முயன்றேன். வரவில்லை. எனக்கு வருவது காற்று மட்டும்தான். மேடையில் அந்த இடம் வரும்போது கிட்டாரைச் சத்தமாக வாசிக்கச் சொல்லியிருக்கிறேன். இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

18 மார்ச், ஞாயிறு

அன்னையர் ஞாயிறு. பர்மிங்காமில் அம்மா இருக்கும் ஹேண்ட்ஸ்வொர்த்துக்குப் போனேன். கோவிலில் கொடுத்த மஞ்சள் பூவை அம்மா ஜாம் பாட்டிலில் வைத்துக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல் கேட்டாள்:

“வானொலில பேசினியே, கேட்டேன். உங்கப்பாவைப் புதைச்ச மறுநாள் நீ பாடப் போனியா?”

“அம்மா, அது வந்து—”

“ஒன்பதாம் ராத்திரித் துக்கத்துக்கு வந்த சனம் புதைச்ச பிறகும் போகாம உக்காந்திருந்துச்சு. மறுநாளும் மூணு பானை சோறு வடிச்சோம். நீ என் பக்கத்துல நின்னு மீன் பொரிச்சுக்கிட்டிருந்தே. கோவிலுக்கு வர்ற சிஸ்டர் ஹயசிந்த் போன் போட்டு கேக்கறா, ‘உன் மக அன்னிக்கு எப்படிப் போனா’ன்னு. நான் என்னத்தைச் சொல்ல?”

லண்டனில் யாருக்கும் உறைக்காத பொய். தீவுகளிலிருந்து வந்த எங்கள் ஜனத்துக்கு மட்டும் ஒரே நொடியில் தெரிந்துவிடும். துக்க வீட்டில் சோறு பரிமாறாமல் எந்த மகள் பாட்டுப் பாடப் போவாள்?

கோவிலில் மார்வா கொயரில் இல்லை. நடு வரிசையில், சாதாரண உடையில் உட்கார்ந்திருந்தாள். அம்மாவிடம் கேட்டதற்கு, “நவம்பரிலேயே விட்டுட்டா. ஏன்னு நீயே கேளு, உன் சிநேகிதிதானே” என்றாள்.

8 ஏப்ரல், ஈஸ்டர்

மார்வா வீடு. ஈஸ்டருக்கு எங்கள் வழக்கமான பன்னும் சீஸும் வெட்டித் தட்டில் வைத்தாள், எனக்கு எப்போதும் போலத் தடியான துண்டு. “பெரிய ஸ்டார் நீ, இதெல்லாம் இறங்குமா?” என்று கிண்டல். எனக்கு உயிரே வந்தது. சிரித்துக்கொண்டே, கொயரை ஏன் விட்டாள் என்று கேட்டேன்.

அவள் கத்தியைத் துடைத்து வைத்தாள்.

“உன் பாட்டு வந்துச்சில்ல. ஸ்கூல் சமையலறையில ரேடியோ ஓடும். கேரட் நறுக்கிக்கிட்டே இருந்தேன். கடைசில நீ அந்த மூச்சை எடுத்து மேல போறே பாரு... கத்தியைக் கீழ வச்சுட்டேன்டி. ரெண்டு பேரும் ஒரே வரிசையிலதானே நின்னோம். இவ எங்க, நான் எங்கன்னு ஆயிடுச்சு. அதுக்கப்புறம் ஞாயித்துக்கிழமை வாயைத் திறந்தா என் குரல் எனக்கே கேக்கப் பிடிக்கலை. கொயர் அங்கியைக் கழட்டிக் கொடுத்துட்டேன்.”

நான் பன்னை மென்றுகொண்டிருந்தேன். விழுங்கினேன். இன்னொரு துண்டு எடுத்தேன்.

“அப்படியெல்லாம் இல்லடி” என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன்! அவள் குரலைக் கேட்டு அவளே தோற்றுப் போயிருக்கிறாள், நான் எதிரே உட்கார்ந்து “அப்படியெல்லாம் இல்லடி” என்கிறேன். நான் திருடிதான். எடுத்த பொருளை வைத்தே உடையவளை அடித்து உட்கார வைத்த திருடி.

10 ஏப்ரல்

டங்கனுக்கு போன் செய்து, அந்த இடத்தில் இருப்பது மார்வாவின் குரல் என்றேன். கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்துவிட்டு முதலில் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

“என் தப்புதான். மூடி வச்சிருக்கணும். ஆமா... நீ எப்போ கண்டுபிடிச்சே?”

“நேத்து.”

இன்னொரு பொய். எனக்கு என்னதான் ஆகிவிட்டது?

மார்வா பாடியதை மட்டும், ஆரம்பத்திலிருந்து எதையும் வெட்டாமல், ஒரு சிடியில் அனுப்பச் சொன்னேன்.

23 ஏப்ரல்

சிடி வந்துவிட்டது. பாட்டுக்கு முன்னால் மார்வாவின் பேச்சும் பதிவாகியிருக்கிறது. “சீக்கிரம் போடச் சொல்லுடி, 74 பஸ் போயிடும். ஏய், மூக்கை என் மேல சிந்தாதே!” பிறகு என் சிரிப்பு. அடைத்த மூக்கோடு, வாய்விட்டு, அசிங்கமாக. அப்படிச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று.

இரண்டாவது தடவை கேட்கத் தைரியம் இல்லை.

2 மே

சிடி பையிலேயே இருக்கிறது. ஒன்பது நாள்.

9 மே

ஃபிலிப்பா மதிய உணவுக்குக் கூப்பிட்டாள். இந்த ஆண்டின் சிறந்த குரலுக்கான விருதுப் பட்டியலில் என் பெயர். ஐந்து பேரில் ஒருத்தி. குரலுக்கு! சூப்பைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவள் அதிரவில்லை, ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே இருந்தாள். “எட்டு செகண்டுதானே கண்ணு. இப்பப் போய் உளறி வைக்காதே. உன் சிநேகிதியை டூர்ல கூடப் பாடக் கூப்பிடு. கஷ்டப்படற பொண்ணு, சந்தோஷப்படுவா. ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல வேண்டியதில்லை.”

வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்: ரயிலில் பர்மிங்காம் வரும் வரை இதைத்தான் நல்ல யோசனை என்று நினைத்துக்கொண்டு வந்தேன். எனக்குப் பின்னால் இருட்டில் மார்வாவை நிறுத்தி, அந்த இடம் வரும்போது அவளைப் பாட வைத்து, கைதட்டலை நான் வாங்கிக்கொள்வது. எவ்வளவு வசதி! ஸ்டேஷனில் இறங்கும்போதுதான் அது இரண்டாவது திருட்டு என்று உறைத்தது.

20 மே, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

ஆராதனை முடிந்ததும் அவளைக் காரில் உட்கார வைத்து சிடியைப் போட்டேன். மூக்கு சிந்தும் இடத்தில் சிரித்தாள். “ஐயோ, இதையெல்லாமா வச்சிருக்கே!” பிறகு பாட்டு. தன் குரலைக் கேட்டுக் கூச்சத்தில் முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு அந்த மூச்சு வந்தது. பிறகு அந்த வரி.

கையை எடுத்தாள். “திருப்பிப் போடு.”

போட்டேன்.

“இன்னொரு வாட்டி.”

மூன்று தடவை. கோவில் வாசலில் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், அவள் திரும்பவில்லை.

“உனக்கு எப்போ தெரியும்?”

டங்கனுக்குச் சொன்ன பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. “ரெக்கார்டிங் முடிஞ்ச அன்னிக்கே.”

அவள் விரலில் மாதங்களை எண்ணினாள். “பதினாலு மாசம். ஈஸ்டருக்கு என் வீட்ல உக்காந்து, நான் கொடுத்த பன்னைத் தின்னுக்கிட்டே, நான் சொன்னதை முழுசாக் கேட்டுக்கிட்டிருந்தே.”

“மார்வா, பயந்துட்டேன்டி. உன் பேரைப் போடச் சொல்றேன், ஊரறியச் சொல்றேன்—”

“போடு. போடாம விட்டா சும்மா இருக்க மாட்டேன். ஆனா அதைப் போட்டா நாம சரியாயிடுவோம்னு நினைச்சுக்காதே. குரலை எடுத்தே, அது தெரியாம நடந்திருக்கும். நான் வாயை மூடிட்டேன்னு சொன்னேன் பாரு, அப்பவும் நீ சும்மா இருந்தே. அது தெரிஞ்சு செஞ்சது.”

சிடியைத் தானே வெளியே எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். கதவை ஓங்கிச் சாத்தவில்லை. சாத்தியிருக்கலாம். பஸ் நிறுத்தம் வரை நேராக நடந்துபோனாள், நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன்.

11 ஜூன், திங்கள்

அதே வானொலி, அதே தொகுப்பாளர். அந்த மூச்சு மார்வா எட்வர்ட்ஸுடையது, முதல் நாளிலிருந்தே எனக்குத் தெரியும், அப்பாவைப் பற்றிச் சொன்னது பொய், மூன்றையும் சொன்னேன். அவர் கையிலிருந்த குறிப்புத் தாளைத் திருப்பி வைத்தார். பிறகு வேறு யாருடைய பாட்டையோ போட்டார்.

14 ஜூன்

விருதுப் பட்டியலில் இப்போது என் பெயர் இல்லை. பத்திரிகைகளில் நிறைய இருக்கிறது. ஃபிலிப்பா போனை எடுப்பதில்லை. அடுத்த அச்சு சிடிகளில் மார்வாவின் பெயர் வரும் என்று கம்பெனியில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

அம்மா மட்டும் போன் செய்தாள். “ஊர்ல எல்லாருகிட்டயும் மன்னிப்புக் கேட்டியே. உங்கப்பாகிட்டே கேட்டியா?”

கேட்கவில்லை. சாயங்காலம் கல்லறைக்குப் போனேன். என்ன சொல்வதென்று தெரியாமல் சுற்றிலும் முளைத்திருந்த புல்லைப் பிடுங்கிவிட்டு வந்தேன்.

19 செப்டம்பர்

இரண்டாவது ஆல்பம், முதல் நாள். டங்கன் என் மூச்சுச் சத்தம் கரகரவென்று இருக்கிறது, எடுத்துவிடட்டுமா என்றான். இருக்கட்டும் என்றேன்.

14 அக்டோபர், ஞாயிறு

அறுவடைப் பண்டிகை. பூசணிக்காயும் ரொட்டியும் டப்பாக்களும் பலிபீடத்தின் முன்னால் குவிந்திருந்தன. நான் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.

கொயர் வந்தது. மூன்றாவது ஆள் மார்வா. ஊதா அங்கி, கை மட்டும் கொஞ்சம் நீளம், வேறு யாருடையதோ கொடுத்திருக்கிறார்கள். கடைசி அடிக்கு அவள் மட்டும் ஓரடி முன்னால் வந்தாள். அந்த மூச்சை எடுத்தாள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. பக்கத்தில் இருந்த அம்மாள் ஊருக்குப் புதுசு போலிருக்கிறது, என் தொடையைத் தட்டி, “ரேடியோவுல வருமே, துணி காயலைன்னு ஒரு பாட்டு, அது இந்தப் பொண்ணுதான்!” என்றாள்.

“ஆமாங்க, அவங்கதான்” என்றேன்.

ஆராதனைக்குப் பிறகு காரின் அருகே நின்றேன். மே மாதத்திலிருந்து அவள் என்னோடு பேசவில்லை. என்னைத் தாண்டிப் போகும்போது கேட்டுவிட்டேன்: “வீட்ல விடட்டுமா?”

“வேணாம். 74 வந்துடும்.”

வந்துவிடாது. ஞாயிற்றுக்கிழமை அடுத்த பஸ்ஸுக்கு இருபது நிமிடம் இருக்கிறது, அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நிறுத்தத்தில் போய் நின்றாள். நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன், கொயரில் நிற்கும் தூரத்தில். இருவரும் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இருபது நிமிடமும் அவள் ஒன்றும் பேசவில்லை. போ என்றும் சொல்லவில்லை.