நானூறு வட்டங்களில் ஒன்று

அன்பு லுப்னாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். வாப்பாவின் இருமல் குறைந்ததா? நான் சுகம்தான், கொஞ்சம் அலுப்பு.

செவ்வாயன்று திருவொற்றியூரில் எங்கள் கன்டெய்னர் யார்டின் மென்பொருள் நின்றுபோய், கேட் திறக்கவில்லை. டோல்கேட் வரை லாரிகள். வல்லரசு என்ற டிரைவர் மாடியேறி வந்து, "இன்னா சார், காலைலேர்ந்து நின்னுகினு கீறோம், எப்போ தொறப்பீங்க?" என்றார்.

லைப்ரரி என்று நாங்கள் சொல்லும், பிறர் எழுதிய நானூறு நிரல்களை நம்பித்தான் எங்கள் மென்பொருள் ஓடுகிறது. எது எதை நம்பியிருக்கிறது என்று நிரலுக்கு ஒரு வட்டமாக, கோடுகளால் இணைத்துப் படம் வரைந்து பார்த்தேன். கேட்டிலிருந்து போன ஒரு கோடு வட்டமே இல்லாத இடத்தில் முடிந்தது. அங்கிருந்ததை, தேவையில்லை என்று முந்தின நாள் நீக்கியவன் நான்தான். மேலாளரிடம் ஒப்புக்கொண்டு திரும்பச் சேர்த்தேன். கேட் திறந்தது. அவர் திட்டவில்லை. "நானூற்றையும் நீயே சரிபார்த்துவிடு" என்றார்.

அதனால் பெருநாளுக்கு வர முடியாது, லுப்னா. போனில் சொல்லத் தைரியம் வரவில்லை.

நம் மகள் நவ்ரீனுக்குச் செருப்பு வாங்க வேண்டும். அவள் பாதத்தைத் தாளில் வைத்து வரைந்து அனுப்பு. இப்போது என்ன அளவு என்று எனக்குத் தெரியவில்லை. கூப்பிடுகிறார்கள், போகிறேன்.

உன் அப்சல்