குகை வாசலில் ஊதும் ரயில்

என் சுப்பையாவுக்கு, என் தோளில் உட்கார்ந்து தேரோட்டம் பார்த்த தம்பிக்கு,

உன் ரயிலை நிறுத்தப் போகிறார்கள். புனலூருக்கும் செங்கோட்டைக்கும் நடுவே நீ நடந்த மீட்டர் கேஜ் தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டு அகலப்பாதை போடப் போகிறார்களாம். வேலை முடியப் பல வருஷம் ஆகும் என்கிறார்கள். எனக்கு அவ்வளவு மிச்சம் இருக்கிறதா? அதனால் போன ஞாயிற்றுக்கிழமை உன் பேத்தி மீனுவைக் கூட்டிக்கொண்டு அதில் ஒரு தடவை போய்வந்தேன். போனதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சிலது சொல்லவேண்டும், பொறுத்துக்கொள். நீ கீமேன். தண்டவாளத்தைப் பிடித்து நிற்கும் சாவிகள் இறுகியிருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகச் சுத்தியலால் தட்டிப் பார்த்துக்கொண்டு, மழையோ வெயிலோ, தினமும் உன் பங்குக்கான தூரத்தை நடந்து முடிக்கவேண்டும். ஒரு மழைக்காலத்துக் காலையில், குகைக்குக் கொஞ்சம் முன்னால், மலையிலிருந்து கல் உருண்டது. நீ திரும்பி வரவில்லை. உன் மகள் செல்விக்கு அப்போது ஏழு வயது.

முப்பதாம் நாள் அவளைக் கூட்டிக்கொண்டு அந்த இடத்துக்குப் போனேன். தேங்காய் உடைக்கும் நேரத்தில் ரயில் வந்தது. எங்கள் பக்கத்தில் வந்ததும் நீளமாக ஊதிற்று. செல்வி என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு மிரண்டு பார்த்தாள். "ஒங்கப்பாவுக்குத்தான் ஊதுதான் தாயி. டிரைவர்மாருக்கெல்லாம் அப்பாவைத் தெரியும்லா" என்றேன். அன்றைக்கு முதன்முறையாக அவள் அழுகையை நிறுத்தினாள்.

பிறகு அவளையும் அவள் அம்மாவையும் திருவனந்தபுரத்துக்கு அழைத்துவந்து, நான் கடை வேலை பார்த்த சாலைக் கடைத்தெருப் பக்கம் குடிவைத்தேன். அவள் அம்மாவும் இப்போது உன்னிடம் வந்துவிட்டாள். வருஷா வருஷம் உன் நாளில் செல்வியோடு அந்த ரயிலில் போவேன். மலைப்பக்கத்து ஜன்னலில் உட்காருவோம். ரயில் ஊதியதும் ஒரு கை பொரியும் பூவும் வெளியே போடுவோம். அவளுக்குக் கல்யாணம் ஆகும்வரை ஒரு வருஷம்கூடத் தவறவில்லை.

ரயில் நிற்கப்போகிறது என்று தெரிந்ததும் அவள் வீட்டுக்குப் போய், மீனுவை அனுப்பு என்றேன். மீனுவும் பக்கத்தில்தான் இருந்தாள்.

"தாராளமா கூட்டிட்டுப் போங்க பெரியப்பா. மலை, பாலம் எல்லாம் காட்டுங்க. ஆனா அந்த விசில் கதை மட்டும் வேண்டாம்."

"கதையா? ஒங்கப்பன் செத்தது ஒனக்குக் கதையா?"

"நான் அப்படிச் சொன்னேனா?"

"ஆபீஸ் உத்தியோகம் வந்ததும் அப்பனை மறந்துட்டே. நீ மறந்தா மற. பிள்ளைக்கு நான் சொல்லிக்குடுத்துக்கிடுதேன்."

அவள் மீனுவின் சட்டையை எடுத்து இஸ்திரி போடப் போய்விட்டாள். இந்த வீட்டில் உன் பேரைக் காப்பாற்ற நான் ஒருத்தன்தான் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

விடிந்ததும் தம்பானூரில் பஸ் ஏறிப் புனலூர் போனோம். ரயிலில் நிற்க இடமில்லை, கல்யாண வீடு மாதிரிக் கூட்டம். இத்தனை வருஷம் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதவர்கள் எல்லாம் வந்து படியில் தொங்கிப் படம் எடுத்தார்கள். ஒரு பையன் என்னை நகரச் சொன்னான், பாலத்தை நான் மறைக்கிறேனாம். "நான் இந்த ரயில்ல ஏறும்போது நீ பிறக்கவே இல்ல" என்றேன். நகரவில்லை. மீனு என் பையைப் பிடித்து இழுத்து, "பெரிய தாத்தா, வழக்கு வேண்டா" என்றாள். எட்டு வயசு, சண்டையை வழக்கு என்பாள், பேச்சில் பாதி மலையாளம். ஆனால் தலையைச் சாய்த்துப் பார்ப்பது அப்படியே நீதான்.

தென்மலை தாண்டியதும் பொரிப் பொட்டலத்தைப் பிரித்தேன். மலைப்பக்கத்து ஜன்னல் எனக்குக் கிடைத்தது, எதிர்ப்பக்கம் பள்ளத்தைப் பார்த்து மீனு உட்கார்ந்தாள். அவள் பக்கத்தில் துண்டு போட்ட பெரியவர் ஒருவர். முன்பு ரயில்வேயில் தண்டவாளத்தைச் செப்பனிடும் கேங்கில் வேலை பார்த்தவராம். நான் மீனுவிடம், "இப்ப பாரு, ஒங்க தாத்தாவுக்காக வண்டி ஊதும்" என்றேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஊதிற்று. நான் பொரியை வீசினேன். கண் கலங்கிற்று, மறைக்கவில்லை. உடனே குகை வந்து இருட்டாயிற்று. வெளிச்சம் வந்ததும் அந்தப் பெரியவர் மெதுவாகச் சொன்னார்.

"அண்ணாச்சி, தப்பா நெனைக்காதீங்க. குகை வருதுன்னா ஊதணும். ஊதச் சொல்லிப் பள்ளத்துப் பக்கம் போர்டு இருக்குல்லா? ஊதலைன்னா டிரைவரைக் கேள்வி கேப்பாவ."

"உமக்கு என்ன வே தெரியும்? என் தம்பி இங்கதான் கீமேன்."

"கீமேனா? அப்ப அவருக்கே தெரிஞ்சிருக்குமே. அந்தப் போர்டுக்குப் பெயின்ட் அடிக்கதே நம்ம கேங்குதான்."

மிச்சப் பொரியைப் பொட்டலமாக மடித்தேன். கடையில் பொட்டலம் கட்டும் பழைய பேப்பரை எழுத்துக்கூட்டி வாசித்தே படித்தவன் நான். யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, யாரும் என்னை ஏமாற்றவும் முடியாது என்று இருந்தேன். ஒரு பக்கத்து ஜன்னலையே பார்த்துக்கொண்டு எத்தனை வருஷம் போயிருக்கிறேன். நீயாவது சொல்லியிருக்கக்கூடாதா? உன் கையால் பெயின்ட் அடித்த பலகைதானே.

மீனுவைப் பார்த்தேன். அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"ஒனக்குத் தெரியுமா?"

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அம்மா பறஞ்ஞு. அந்த விசில் குகைக்குன்னு. அம்மா என்னை மாதிரி சின்னதா இருக்கப்பவே அந்தப் போர்டைப் பார்த்துட்டா."

"அப்புறம் ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா பெரிய தாத்தா அழும்னு. என்னையும் சொல்லாதேன்னு சத்தியம் வாங்கிட்டா." சொன்னபிறகுதான் அவளுக்குச் சத்தியம் ஞாபகம் வந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

யோசித்துப் பார், சுப்பையா. நான் செல்வியைத் தேற்றிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தேன். எட்டோ ஒன்பதோ வயசில் அவள் என்னைத் தேற்ற ஆரம்பித்திருக்கிறாள். வருஷா வருஷம் லீவு போட்டு, பூ வாங்கி, என்னோடு வந்து, குகைக்கு ஊதும் ரயிலுக்குப் பொரி போட்டிருக்கிறாள். அவளைத்தான் அப்பனை மறந்தவள் என்றேன், அதுவும் பெற்ற பிள்ளைக்கு முன்னால்.

செங்கோட்டையிலிருந்து பஸ்ஸில் திரும்பினோம். சாயங்காலம் மீனுவை வீட்டில் விட்டேன். செல்வி காப்பி கொண்டுவந்து வைத்து, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள், "விசில் கேட்டுச்சா பெரியப்பா?"

"கேட்டுச்சு" என்றேன். அவ்வளவுதான் வந்தது. மீனு அம்மாவைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். ஒரு வாரமாக அந்தப் பக்கம் போகவில்லை. செல்வி இரண்டு தடவை போன் செய்தாள், எடுக்கவில்லை. கோபம் இல்லை. எடுத்தால் என்ன பேசுவது?

உனக்குத் தெரியும், நான் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்குகிறவன் இல்லை. முதலாளியிடம் வாங்கியதில்லை, சொந்தக்காரர்களிடம் வாங்கியதில்லை. ஒருநாள் நீயே, "அண்ணன் தப்புன்னு ஒத்துக்கிட்டா மலை எறங்கி வந்துரும்" என்று கேலி செய்தாய். அந்த டிரைவர்களில் ஒருவராவது உன்னை நினைத்துக்கொண்டு ஊதியிருப்பார் என்றுதான் இப்போதும் சொல்வேன். அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் செல்வியைச் சொன்ன சொல் வேறு.

இன்னொன்றும் உறுத்துகிறது. ஏழு வருஷம் அவள் உன்னோடு குவார்ட்டர்ஸில் இருந்தாள். அப்போது நான் இங்கே கடையில் மிளகாய் வற்றல் நிறுத்துக்கொண்டிருந்தேன். வேலை முடிந்து நீ வீட்டுக்கு வந்தால் என்ன செய்வாய், என்ன பாடுவாய், எதற்குக் கோபப்படுவாய் என்பதெல்லாம் அவளுக்குத்தான் தெரியும். இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட நான் கேட்டதில்லை. நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போகிறேன். போர்டு விஷயம் எனக்குத் தெரியும் என்று முதலில் சொல்லிவிடுவேன், மீனுவை வையாதே என்றும் சொல்வேன். மறந்துட்டே என்று சொன்னதை மீனு கேட்கவே திரும்ப வாங்கிக்கொள்வேன். அதன்பிறகு, ஒங்கப்பாவைப் பற்றிச் சொல்லு தாயி என்று கேட்டுவிட்டு உட்கார்ந்திருப்பேன். எனக்குத் தெரிந்த சுப்பையாவாக நீ அதில் இல்லாவிட்டாலும், அவள் சொல்வதில் ஒரு வார்த்தையைக்கூடத் திருத்த மாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன்னைவிட ஆறு வயது மூத்த,
இன்னும் வாய் அடங்காத
உன் அண்ணன்