பிந்தி விதைத்த வயல்

மச்சான்,

மூன்று தடவை சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டேன். கையில் கிறீஸ் மணம் போகவில்லை. கீழ் வாய்க்காலின் கடைசிக் கதவைப் பின்னேரம் நானே திருகி மூடினேன். அந்தக் கதவுக்கு அப்பால் இருப்பது இரண்டே வயல். ஒன்று தம்பிராசாவுடையது. மற்றது உன்னுடையது.

நீ போய் நான்கு மாதம் ஆகப்போகிறது. ஆனாலும் ஒரு வேலையைச் செய்தால் உனக்கு எழுதாமல் என்னால் இருக்க முடியவில்லை. செய்ய முந்தி எழுத வேண்டும் என்பதுதான் உன் நிபந்தனை. முந்தியும் எழுதினேன். நான்கு தரம் எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது.

நம்முடைய கமக்காரர் அமைப்புக்கு நான் முதல் தடவை தலைவராய் இருந்த காலத்தை நீ ஒருநாளும் குத்திக்காட்டியதில்லை. நானே சொல்கிறேன். மழையில்லாத அந்தச் சிறுபோகத்தில் என் அக்காவின் வயலுக்கு முறை தவறி இரண்டு நாள் தண்ணீர் விட்டேன். "விடுங்க தலைவர், ஆர் கேக்கப்போறாங்க?" என்று பக்கத்தில் நின்றவர்கள் சொன்னார்கள். ஒருவரும் கேட்கவில்லைதான். கீழ் வாய்க்காலில் நிலம் வெடித்தது. பொதுக்கூட்டத்தில் தம்பிராசா எழுந்து, என்னைத் தலைமையிலிருந்து இறக்க வேண்டும் என்றான். நான் பயப்படவில்லை. பாதிச் சனம் என் சொந்தக்காரர். நீ எனக்குப் பக்கத்தில், கூட்டக் குறிப்புப் புத்தகத்தோடு இருந்தாய். பேனையை மூடி மேசையில் வைத்தாய். கையைத் தூக்கினாய். உன்னைப் பார்த்துப் பின்வரிசையில் ஒவ்வொரு கையாக எழும்பியது. பிறகு நீ பேனையைத் திறந்து, நான் இறக்கப்பட்டதை உன் அழகான கையெழுத்தில் எழுதினாய்.

உன் வயல் காய்ந்த ஆத்திரத்தில் கை தூக்கினாய் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். உன் மகளின் கல்யாணத்துக்கு வரவில்லை. வவுணதீவுச் சந்தியில் நீ சைக்கிளை நிறுத்தி என்னைப் பார்த்துச் சிரித்தபோது, தேத்தண்ணிக் கடைக்குள் போய் நின்றுகொண்டேன்.

தலைமை தம்பிராசாவுக்குப் போனது. அவன் கெட்டவன் இல்லை. ஆனால் யார் சத்தம் போட்டாலும் அவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டான். அடுத்த போகம் முடிய முந்தியே இரண்டு கதவுகள் உடைந்தன, ஒருவனுக்கு மண்வெட்டிக் காம்பால் மண்டை உடைந்தது. தம்பிராசா கதவுகளின் சாவிக் கொத்தை மேசையில் போட்டுவிட்டுப் போய்விட்டான். சனம் என் வாசலுக்கு வந்தது. எனக்கு உள்ளுக்குள் மத்தளம் கொட்டியது, மறைக்கவில்லை. ஆனால் ஓம் சொல்ல முந்தி உன்னிடம் வந்தேன். நீ மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தாய்.

"நான் கை தூக்கினது பிழையெண்டு சொல்ல வந்தியா?" என்றாய், திரும்பிப் பாராமலே.

"இல்ல. நீ செயலாளரா இருந்தாத்தான் நான் வருவன்."

வாளியைக் கீழே வைத்தாய். "அப்ப ஒண்டு செய். எந்த வேலைய செய்ய முந்தியும் எனக்கு எழுது. ஏன் செய்யப்போறாய் எண்டு எழுது. எழுத வெக்கமா இருந்தா அத செய்யாத."

"தினமும் பாக்கிறம். இந்தக் காலத்தில ஆரு மச்சான் கடிதம் எழுதுற?"

"கதைக்கக்க நீ நல்லா ஏமாத்துவாய். என்னையும் ஏமாத்துவாய், உன்னையும் ஏமாத்துவாய்."

முதல் கடிதமே உன்னிடம் தோற்றது. உடைந்த கதவுக்குத் தண்டனையாகத் தம்பிராசாவின் ஒரு முறைத் தண்ணீரை நிறுத்தப்போகிறேன் என்று இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். ஒழுங்கு, முன்மாதிரி, பொதுச்சொத்து என்று பெரிய பெரிய சொல்லெல்லாம் போட்டிருந்தேன். நீ அடியில் ஒரு வரி எழுதித் திருப்பி அனுப்பினாய். "இதில கோபம் இரிக்கு, காரணத்தக் காணல்ல." அடுத்த நாள் விடியற்காலை தம்பிராசா தன் வரம்பில் மண்வெட்டியோடு நின்றான். நான் தண்ணீரை மறிக்க வருவேன், வெட்டிவிடலாம் அல்லது வெட்டுப்படலாம் என்றுதான் நின்றான். நான் கதவைத் திறந்துவிட்டுத் திரும்பி நடந்தேன். முதுகு முழுக்கக் கூசியது. தண்ணீர் போகும் சத்தம் மட்டும் கேட்டது.

அப்படித்தான் ஏழு வருடம் போனது. விதைப்புத் தேதிச் சட்டம் அந்தக் கடிதங்களில்தான் பிறந்தது. கூட்டத்தில் முடிவாகும் நாளுக்குள் விதைக்க வேண்டும், பிந்தி விதைத்தவனுக்குக் கடைசித் தண்ணீருக்கு உரிமை இல்லை. ஆளுக்கொரு நாளில் விதைத்தால் குளம் தாங்காது என்று நான் எழுதினேன். நீ பதிலில், "ஆருக்கும் விலக்கு வைக்காத. உனக்கும் எனக்கும் முதல்ல வைக்காத" என்று எழுதினாய்.

இந்தச் சிறுபோகத்துக்கு நாள் குறித்த கூட்டத்துக்கு நீ வரவில்லை. வலையிறவுப் பாலத்தால் உன்னை நெஞ்சுநோவோடு பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது உன் தலை என் மடியில் இருந்தது. உன் கை என் சேட்டுப் பையைத் தடவியது. எழுதத்தான் ஏதோ தேடினாய் என்று நினைக்கிறேன். பேனை இருந்தது, கடதாசி இல்லை. பாலம் தாண்டும்போதே உன் கை விழுந்துவிட்டது.

உன் மனைவி, தங்கச்சி, உன் முப்பத்தோராம் நாள் காரியம் முடியும் வரை வயலுக்குப் போகவில்லை. உன் வயலுக்கு ஊடாகத்தான் உழவு மெசின் தம்பிராசாவின் வயலுக்குப் போக வேண்டும். செத்த வீட்டு நிலத்தில் மெசின் ஓட்டக்கூடாது என்று அவனும் பொறுத்தான். நானும் தேதியை ஞாபகப்படுத்தவில்லை. எந்த வாயால் போய்ச் சொல்ல? இரண்டு வயலும் பதினாறு நாள் பிந்தின.

பிறகு மழை ஏமாற்றிவிட்டது. குளத்தில் இன்னும் ஒரு சுற்றுத் தண்ணீர்தான் இருக்கிறது. அதை உன் வயல் வரைக்கும் ஓட விட்டால் காய்ந்த வாய்க்காலே பாதியைக் குடித்துவிடும், மேலே பால் பிடிக்கிற நெல்லெல்லாம் பதராகும். இதை எல்லோரும் அறிவார்கள். அறிந்தும் என்னிடம் வந்து சொன்னார்கள். "அந்தப் புள்ளைக்கு மட்டும் விடுங்க. ஆர் கேக்கப்போறாங்க?"

மச்சான், அக்காவின் வயலுக்குக் கேட்ட அதே சொல்.

கிழித்த நான்கு கடிதங்களும் உன் வயலுக்குத் தண்ணீர் விடுவதற்குக் காரணம் தேடியவைதான். அவள் தனித்தவள் என்று எழுதினேன். அப்படியானால் அவளுக்காகப் பொறுத்த தம்பிராசா என்ன பாவம் செய்தான்? ஏழு வருடம் நீ சம்பளமில்லாமல் உழைத்தாய் என்று எழுதினேன். நீ இருந்தால் அந்த வரியின் மேல் தேத்தண்ணியை ஊற்றியிருப்பாய். கடைசியில் உண்மையான காரணம் வந்தது: அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பயம். அதை எழுதியதும் பேனையை வைத்துவிட்டேன்.

நேற்றுக் காலை அவளிடம் போனேன். முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இருக்கச் சொன்னாள், நான் இருக்கவில்லை.

"தங்கச்சி, கடைசித் தண்ணி உங்கட வயலுக்கு வராது. பின்னேரம் பின்னேரமா நீங்க பாத்துப் பாத்து இரிக்கக்கூடாது எண்டு சொல்ல வந்தன்."

மிளகாயைப் பரப்பின கை நின்றது. "தம்பிராசா அண்ணனுக்கு?"

"அவருக்கும் இல்ல."

"அவர் செத்ததாலதான் பிந்தினது. நான் சோம்பலில பிந்தல்ல. உங்கட சட்டத்தில அதுக்கு இடமில்லையா?"

"இல்ல. எழுதக்க நாங்க ரெண்டு பேரும் அத நினைக்கல்ல."

"அவருமா நினைக்கல்ல?"

"அவரும்தான்."

மிளகாயை மறுபடி பரப்பத் தொடங்கினாள். என் வயலில் வெட்டியதும் பாதி நெல் அவள் வீட்டுக்கு வரும் என்றேன். "அது உங்கட நெல்லு, உங்கட விருப்பம். நான் கேட்டது தண்ணி" என்றாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "அந்தச் சட்டத்தில அத எழுதுங்க அண்ணன். செத்த வீட்டுக்காரிக்கு நாள் குடுக்க வேணும் எண்டு எழுதுங்க. எனக்கில்ல, இனி வாறவளுக்கு. இப்ப போங்க. எனக்கு உங்களப் பாக்க ஏலா."

இன்று பின்னேரம் கதவடியில் தம்பிராசா நின்றான். பழையபடி மண்வெட்டியோடு. எங்களைச் சுற்றி எட்டுப்பத்துப் பேர்.

"செத்த வீட்டுக்காகப் பொறுத்தவன் நான்!" என்று கத்தினான். "இதுவா நீ எனக்குச் செய்யிற? கைய வச்சுப் பாரு!"

நான் கதவுச் சக்கரத்தில் கை வைத்தேன். வேறு என்ன செய்ய என்று எனக்குத் தெரியவில்லை. மண்வெட்டி எழும்பியதைக் கண்டேன். யாரோ "ஐயோ" என்றார்கள். அப்போதுதான் வரம்பில் தங்கச்சி வந்துகொண்டிருப்பதை எல்லோரும் பார்த்தோம். வெள்ளைச் சேலையோடு, வேகமில்லாமல் வந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"எனக்கும் இல்லையாம் அண்ணன்," என்றாள் தம்பிராசாவிடம். "நேத்தே வந்து சொல்லிட்டார்."

தம்பிராசா அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். "அவன்ட வயலுக்குமா?" என்று கேட்டான். நான் தலையாட்டினேன். மண்வெட்டி மெல்ல இறங்கியது. "மாட்ட அவிழ்த்து விடுவம் புள்ள, பயிர அதாவது தின்னட்டும்," என்று அவளிடம் சொல்லிவிட்டு நடந்தான். அவளும் பின்னால் போனாள். நான் கதவை இறுக மூடினேன்.

உன்னிடமிருந்து பதில் வராது என்பது இன்றைக்குத்தான் எனக்குச் சரியாக விளங்கியது. ஏழு வருடமாக நீ என்ன சொல்வாய் என்று பார்த்துப் பார்த்து நடந்தவன் நான். இந்தத் தடவை சரி செய்தேனா என்று கேட்க ஆளில்லை. நீயும் நானும் சேர்ந்து எழுதிய சட்டத்தில் ஒரு ஓட்டை இருந்தது. அதன் வழியே போனது உன் வீட்டுச் சோறு. அதைக் கண்டு சொன்னவள் உன் மனைவி. வருகிற கூட்டத்தில் அவள் சொன்ன வரியை, அவள் சொன்ன சொல்லிலேயே வாசிக்கப்போகிறேன். இந்தப் போகத்துக்கு அது உதவாது. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

நாளை காலை மேல் வட்டை வயல்களுக்குத் தண்ணீர் பார்க்கப் போக வேண்டும். என் வீட்டிலிருந்து உன் வயல் வரம்பால் போனால் பத்து நிமிடம். குளக்கட்டைச் சுற்றியும் ஒரு பாதை இருக்கிறது, அதால் போனால் அந்த வயல் கண்ணில் படாது. மாடுகள் அதற்குள் இறங்கியிருக்கும், அவளும் அங்கே நிற்பாள்.

வரம்பாலேயே போகிறேன், மச்சான்.