இலை அவிக்க அரை மணி நேரம்

இன்று மதியம் மெஸ்ஸில் வாழை இலையைப் போட்டுத் தண்ணீர் தெளித்தார்கள். அந்தப் பச்சை வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. மற்றவர்களுக்கு அது விருந்து வாசனை. எனக்கு உன் தீக்காய வார்டு வாசனை.

நீ போய் எட்டு மாதம் ஆகிவிட்டது. மூன்றே நாள் காய்ச்சல். ஊருக்கெல்லாம் ஊசி போட்ட நர்ஸ், உனக்கென்று ஒருநாள் லீவு போட்டிருக்கக் கூடாதா? நான் சூலக்கரை ஆபீஸில் அதே நாற்காலியில்தான் கிடக்கிறேன். அரை மணிக்கு ஒருமுறை செயற்கைக்கோள் படம் வருகிறது. புகையா, புழுதியா, மேகமா என்று பார்த்து எழுதி அனுப்புகிறேன். கண் எரிகிறது. சலித்துப்போய்விட்டது. ஒரு பட்டாசு ஷெட் பற்றினால் படத்தில் தெரியாது. குடோனே பற்றினால்தான் நகக்கீறல் போல ஒரு வெள்ளைக் கோடு விழும்.

மல்லாங்கிணறு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்தவர்கள் நாம். வேலைக்கு வந்த பிறகும் நீ தினமும் போன் செய்வாய். "ஏ சாட்டிலைட்டு, மேல என்னடி தெரியுது?" என்பாய். கேலி போலக் கேட்டாலும் அது கேலி இல்லை. வெந்த உடம்பு துணி விரிப்பில் ஒட்டிக்கொள்ளும். அவித்து ஆறவைத்த வாழை இலையைக் கட்டிலில் பரப்பினால் ஒட்டாது. உங்கள் வார்டின் வழக்கம் அது. "இலைய வெட்டி, களுவி, அவிக்க அரை மணி நேரம் வேணும் புள்ள. ஆளக் கொண்டாந்து போட்டப்புறம் அவிச்சா யாருக்கு ஆகும்? கோடு விளுந்தா ஒரு வார்த்தை சொல்லு, போதும்."

நீ இருந்தபோது ஓர் ஆடி மாதம் காற்று கரிசல் புழுதியை வாரி இறைத்ததில் படம் முழுக்கப் பழுப்பாக இருந்தது. அதற்குள் வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு வெள்ளைக் கோடு. அந்த மூலையில் அடுப்புக்கரிக்காக வேலிக்கருவை வெட்டிக் கரிமூட்டம் போடுவார்கள். வாராவாரம் அங்கே புகை எழும். நான் பெரிதாக்கிக்கூடப் பார்க்கவில்லை. நீ கேட்டபோது, "மூட்டந்தான்டி, போய்ச் சாப்பிடு" என்றேன்.

நீயும் என்னை நம்பிச் சாப்பிடப் போனாய். ஒரு மணி நேரத்தில் பட்டாசு குடோன் தீயில் வெந்த மூன்று பெண்களைக் கொண்டுவந்தார்கள். இலை இல்லை. வெறும் விரிப்பில்தான் கிடத்தினீர்கள். மறுநாள் அந்த விரிப்பை மாற்ற வேண்டியிருந்தது.

நீ திட்டுவாய் என்று காத்திருந்தேன். "விரிப்ப உரிச்சப்ப கேட்ட அந்தச் சத்தம் இன்னும் காதுக்குள்ளயே கெடக்குடி" என்று ஒரே ஒருநாள் சொன்னாய். உடனே, "சாப்பிட்டியா?" என்று கேட்டாய். அதற்குப் பிறகும் தினமும் போன் வந்தது. ஒருநாளாவது திட்டியிருக்கலாம். திட்டாமலே போய்விட்டாயே, பாவி.

மெஸ்ஸிலிருந்து பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்தேனா, திரையில் அதே மூலையில் கோடு. மூட்டம் என்றுதான் தோன்றியது. ஆனாலும் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லிவிட்டு உன் வார்டுக்குப் போன் போட்டேன். உன் இடத்துக்கு வந்திருக்கும் பெண் எடுத்தாள். "இலை அவிச்சு வைங்கம்மா" என்றேன்.

நாலு மணிக்கு அவளே கூப்பிட்டாள். "மேடம், ஒருத்தரும் வரல. கரிமூட்டமாம்ல? இந்த வாரத்துல இது மூணாந்தடவ. எம்புட்டு இலயத்தான் வெட்டி வெட்டி வாட விடுறது? எங்களுக்கு வேற சோலி இல்லேன்னு நெனச்சீகளா?" என்று பிடிபிடியென்று பிடித்துவிட்டாள்.

நீ தராமல் போன திட்டு அது. முழுவதையும் வாங்கிக்கொண்டேன்.

"கட்டிலு காலியாத்தானம்மா இருக்கு?" என்று மட்டும் கேட்டேன்.

"காலியாத்தான் இருக்கு" என்றாள்.

நாளைக்கும் கூப்பிடுவேன்.