கிரைண்டர் சத்தத்துக்கு உதைக்கிறது

ஜூலை 8, செவ்வாய்

கூரியர் ஆபீசில் இன்று பார்சல் அதிகம். மத்தியானம் கூட்டம் குறைந்ததும், பெட்டி ஒட்டுகிற பிரவுன் டேப்பைச் சுருளிலிருந்து சர்ரென்று இழுத்துப் போனில் பதிவு செய்தேன். வீட்டுக்கு வந்து லேப்டாப்பில் போட்டு, நுனி கிழிகிற இடத்தை மட்டும் வெட்டி எடுத்தால், அசல் டிரம் தோற்றது. என்னோடு பாட்டு செய்கிற பார்த்திபனுக்கு அனுப்பினேன். மதுராந்தகத்திலிருந்து உடனே போன் செய்தான். "அக்கா, சும்மா கிழிக்குது. இத வச்சே பாட்ட முடிச்சிடலாம்."

ஆகஸ்ட் கடைசியில் மாமல்லபுரம் கடற்கரையில் ஒரு கஃபேயில் நாங்கள் இருவரும் வாசிக்கப் போகிறோம். வீட்டுச் சத்தம், தெருச் சத்தம் இவற்றை மட்டும் வைத்துச் செய்த பாட்டுகள். எங்களுக்கு முதல் மேடை. அவன் பேசப் பேச சரி சரி என்றேன். மனம் அங்கே இல்லை. ஏழாம் மாதம் தொடங்கிவிட்டது. போன தடவை ஏழில்தான் போயிற்று.

ஜூலை 11, வெள்ளி

கண்டுபிடித்துவிட்டேன். அதற்குக் கிரைண்டர் பிடித்திருக்கிறது. மாமியார் ஹெலன் அத்தை மாவு அரைத்தபோது பதிவு செய்து, வேகத்தைப் பாதியாகக் குறைத்து, கல் உருளும் ஓசை சுற்றிச் சுற்றி வரும்படி செய்தேன். ஸ்பீக்கரை வயிற்றருகே வைத்ததும் இடது பக்கம் ஓர் உதை. நிறுத்தினால் நிற்கிறது. போட்டால் மறுபடி. கம்பெனி பஸ் ஓட்டிவிட்டுக் களைத்து வந்த ஜெபக்குமாரைக் கூப்பிட்டு, கையை வைக்கச் சொன்னேன். அப்படியே உட்கார்ந்துவிட்டார். "இன்னா ஜெசி, தாளம் போடுது."

சந்தோஷமாக இருந்தது. இப்படி எழுதிவிட்டேனே, ஏதாவது ஆகிவிடுமோ.

ஜூலை 12, சனி

அசைந்தது. போதும்.

ஜூலை 17, வியாழன்

ஸ்கேன். திரையைப் பார்க்கவில்லை, டாக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் வேறொரு டாக்டரம்மா, கருவியை வயிற்றில் நகர்த்திக்கொண்டே என்னோடு பேசிக்கொண்டிருந்தவர், பேச்சை நிறுத்தினார். அப்புறம் ஏசி ஓடுவது மட்டும்தான் கேட்டது. அந்த அமைதி வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. நான் பாட்டு செய்ய ஆரம்பித்ததே அதற்குப் பிறகுதான் – எதையாவது ஓடவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும் எனக்கு.

இன்று துடிப்பு நன்றாகக் கேட்டது. "போன்ல பதிவு பண்ணிக்கோங்களேன், எல்லாரும் பண்றாங்க" என்றார் டாக்டர். வேண்டாம் என்றேன். பதிவு செய்து, கடைசியில் அது மட்டும் மிஞ்சினால்?

ஜூலை 20, ஞாயிறு

பார்த்திபனோடு மாமல்லபுரம் போனேன். சிற்பம் செய்கிற இடத்தில் கல் அறுக்கும் மிஷினுக்கு அவன் மைக்கை நீட்டினான். தூசிக்குப் பயந்து நான் தள்ளித்தான் நின்றேன். மிஷின் வீறிட்டதும் உள்ளே அது துள்ளியது. அதோடு சரி. பஸ் ஏறியும் அசைவில்லை. திருக்கழுக்குன்றம் தாண்டியபிறகுதான் மெல்லப் புரண்டது. அதுவரை ஜன்னல் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்திருக்கிறேன். உள்ளங்கையில் துருக்கறை.

வீட்டில் ஹெலன் அத்தை காத்திருந்தார். "ஒண்ண வாரிக் குடுத்தாச்சு. இப்ப வவுத்துல வச்சிக்கினு மிஷினாண்ட போயி நிக்கிற. இன்னாதான் நெனச்சிகினு கீற?" கெட்டவர் இல்லை, அவருக்கும் பயம். ஆனால் – என் சத்தம்தான் அதற்கு ஆகவில்லையோ? யாரைக் கேட்பது?

ஜூலை 29, செவ்வாய்

காலையிலிருந்து அசையவில்லை. சாப்பிட்டுவிட்டு இடது பக்கம் படுத்துப் பார்த்தேன். கிரைண்டரைப் போட்டேன். இல்லை. சத்தத்தைக் கூட்டினேன். இல்லை. கதவிலும் இரும்பு கேட்டிலும் ஒட்டி ஓசை எடுக்கிற சின்ன மைக்கை வயிற்றில் ஒட்டி, ஹெட்போன் மாட்டிக் கேட்டேன். என் ரத்தம் இரைகிறது. என் குடல் உருள்கிறது. என் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. எல்லாம் நான்தான். அது எங்கே?

"தூங்குதோ இன்னாவோ, செத்த பொறு" என்கிறார் அத்தை. முடியாது. போன தடவை பொறுத்தேன். ஜெபக்குமார் ஆட்டோ பிடிக்கப் போயிருக்கிறார். கர்த்தாவே. வந்துட்டாரு.

ஆகஸ்ட் 1, வெள்ளி

பெண். உயிரோடு இருக்கிறாள். முதலில் அதை எழுதிக்கொள்கிறேன்.

அன்று ஆஸ்பத்திரியில் வயிற்றைச் சுற்றி பெல்ட் கட்டி, துடிப்பைக் கேட்கிற மிஷினை மாட்டினார்கள். துடிப்பு இருந்தது. நான் அழுதேன். அம்சா சிஸ்டர் என்னிடம் ஊர் பேர் கேட்டுக்கொண்டிருந்தார். திடீரென்று துடிப்பின் வேகம் சரிந்தது. தடுமாறி மீண்டும் ஏறியது. மறுபடி சரிந்தது. அம்சா பேச்சை நிறுத்திவிட்டு, மிஷினிலிருந்து வந்த காகிதத்தைப் பார்த்தார். அதற்கப்புறம் எல்லாம் ஓட்டம்தான் – டாக்டர், கையெழுத்து, ஆபரேஷன் தியேட்டர்.

"நாளைக்குப் பாத்துக்கலாம்னு வூட்ல இருந்திருந்தா கஷ்டம்மா" என்று அம்சா பிறகு சொன்னார். ஒன்றரைக் கிலோகூட இல்லை. பிறந்ததும் அழவில்லையாம், கொஞ்சம் கழித்துத்தான் அழுதாளாம். அந்த அழுகையை நான் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறாள். மூக்கில் குழாய். மூச்சுவிட மறந்துபோனால் அலாரம் அடிக்கிறது. நர்ஸ் வந்து உள்ளங்காலைச் சுண்டினால் நினைவு வந்ததுபோல் மறுபடி மூச்சு. இவ்வளவு நாள் சத்தம் தேடி அலைந்தவள் நான். இந்த அறையின் சத்தத்தில் ஒன்றுகூட எனக்கு வேண்டாம். மத்தியானம் பக்கத்துக் கட்டில் பெண்ணின் போன் அதே அலாரம் மாதிரி ஒலித்தது. எழுந்து ஓடினேன், தையல் இழுத்துக்கொண்டது. பாவம், அவள் அம்மா சாப்பிட்டாயா என்று கேட்கக் கூப்பிட்டிருக்கிறார்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொள்ளச் சொன்னார்கள். அவள் மூச்சு என் கழுத்தில் படுகிறது. நான் அசையவே இல்லை.

அத்தை கண்ணாடிக்கு வெளியே நின்று ஜெபித்துக்கொண்டிருந்தார். நான் வந்ததும், "அன்னிக்குப் பொறுன்னு சொன்னேன். நீ கேக்காத போனியே, அத்தத்தான் நெனச்சிகினு கீறேன்" என்றார். அவர் அழுது நான் பார்த்ததில்லை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

பார்த்திபன் தனியாக வாசித்தான். வீடியோ அனுப்பியிருக்கிறான். "ஒனக்கும் சேத்துத்தான்க்கா கை தட்டுனாங்க." கிரைண்டர் வருகிற இடத்தில் எல்லோரும் ஆடுகிறார்கள். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு போனை அணைத்துவிட்டேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

வீட்டுக்கு வந்துவிட்டோம். பெயர் கெசியா. சந்தோஷமாக எழுத வேண்டிய நாள்.

கிளம்புமுன் காது டெஸ்ட் எடுத்தார்கள். வலது சரி. இடது தேறவில்லை. "குறைமாசம், ஊசி மருந்தெல்லாம் குடுத்திருக்கோம். காதுல அழுக்கு இருந்தாலும் இப்படி வரும். ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி பாக்கலாம்" என்றார் டாக்டர்.

அத்தை கை தட்டிப் பார்க்கப் போனார். தடுத்துவிட்டேன். வீட்டில் பாட்டு போடுவதில்லை. தட்டி, அவள் திரும்பாவிட்டால்? தெரியாமலே இருக்கட்டும். "ஒரு காது போதும் ஜெசி. நானு பஸ் ஓட்டல? ஹாரன் சத்தத்துல எனக்கு ஒண்ணுதான் கேக்குது" என்றார் ஜெபக்குமார். சிரிக்க முடியவில்லை.

செப்டம்பர் 24, புதன்

டெஸ்ட் நாளைக்கு. காலையில் கெசியாவுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவள் வலது காது என் கையில் அழுந்தியிருந்தது, இடதுதான் மேலே. நாஸ்தா தின்ற தட்டைக் கழுவிக்கொண்டிருந்த ஜெபக்குமாருக்குக் கை நழுவிவிட்டது. எவர்சில்வர் தட்டு தரையில் விழுந்து, உருண்டு, சுற்றிச் சுற்றி அடங்கியது.

அவள் இரண்டு கைகளும் விரிந்தன. வாயோரம் பால் வழிய, முகம் சிவந்து, வீறிட்டு அழுதாள்.

ஈரக் கையோடு அறை வாசலில் வந்து நின்றார். அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இன்னொரு தபா போடட்டா?"

"வேணாம். பயந்துட்டா."

தோளில் போட்டு முதுகைத் தட்டிக்கொடுத்தேன். நன்றாகத்தான் பயந்திருந்தாள். அழுகை அடங்க வெகு நேரமாயிற்று.