திரும்பி வந்த துண்டு

அன்பு மகள் ரோவீனாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், உன் மாமா எல்வின், மீன் உலர்த்தும் கொட்டகை எல்லாரும் நலம். டொராண்டோ குளிரில் நீயும் காதை மூடிக்கொண்டு நலமாக இருக்க வேண்டும்.

நான் விழுந்த வீடியோவைப் பார்த்துச் சிரித்தாயாமே. சிரி, சிரி. சுரங்கக் கம்பெனிக்காரர்கள் நாம் வலை போடும் ஆற்று வளைவின் மேலேயே சாலை போடுவது பற்றிப் பேச வந்திருந்தார்கள். நம் பழங்குடியின் தவளைக் குலத் தலைவியாக எழுந்து முழங்கிவிட்டுக் கம்பீரமாக உட்கார்ந்தேன். நாற்காலிக் கால் முறிந்து, அவர்கள் கொண்டுவந்த கேக்கின் மேலேயே போய் விழுந்தேன். தலைமுறை தலைமுறையாக வந்த தலைவிப் பேர் தரையில் விழுந்தால், நம் வழக்கப்படி விருந்து வைத்துத்தானே அந்த அவமானத்தைக் கழுவ வேண்டும்? பார்த்தவர்களுக்கெல்லாம் சாப்பாடும் பரிசும் கொடுத்து வாயை மூட வேண்டுமே, அதனால் கம்பெனிக்காரர்களையும் அழைத்தேன். "அவனுங்களுக்கு எதுக்குக்கா விருந்து, வேற வேலையில்லையா உனக்கு?" என்று உன் மாமா குதித்தான். "பாத்தானா இல்லையா? பாத்தவன் வந்து தின்னுட்டுத்தான் போகணும்" என்றேன்.

விருந்தில் என் பேருக்குரிய நிலத்தின் எல்லையை எல்லாரும் கேட்கும்படி உரக்கச் சொன்னேன், கரடிப் பாறையிலிருந்து ஆற்று வளைவு வரை, மலை முகடு வரை. அதைக் கேட்டுப் பரிசு வாங்குகிறவர் அதற்குச் சாட்சி என்று நம் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும், கம்பெனி மேலாளர் கார்சனுக்குத் தெரியவில்லை. ஒரு துண்டும் ஒரு பை ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு, "நீங்க சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் மனசார ஏத்துக்கிறேன்" என்று பேச்சு வேறு பேசினான். மனைவிக்கும் ஒரு துண்டு கிடைக்குமா என்று கேட்டான் பார், எல்வின் ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு, "இப்ப வீட்டம்மாவும் சாட்சிக்கா" என்று என் காதில் சொன்னான்.

அடுத்த வாரம் கம்பெனி வக்கீலிடமிருந்து பார்சல். இரண்டு துண்டும் துவைத்து இஸ்திரி போட்டு வந்திருந்தன, பரிசை ஏற்கவில்லையாம். ஆரஞ்சு எங்கே என்று போன் போட்டுக் கேட்டேன். சாப்பிட்டாகிவிட்டதாம். "அப்ப சாட்சி வயித்துக்குள்ள போயிடுச்சு, அதையும் துவைச்சு அனுப்புங்க" என்றேன், போனை வைத்துவிட்டார். விஷயம் கோர்ட்டுக்குப் போவதால் இப்போதைக்குச் சாலை வேலை நின்றிருக்கிறது. ஆனால் கோர்ட்டு ஆரஞ்சுப் பழத்தை ஒப்புக்கொள்ளுமா? அந்தப் பயத்தில் எனக்குச் சரியாகத் தூக்கமே இல்லை மகளே.

நேரத்துக்குச் சாப்பிடு. இதோடு அந்தத் துண்டில் ஒன்றை அனுப்பியிருக்கிறேன். விழுந்ததைப் பார்த்தவள் நீ, விருந்துக்கு வராதவள், உனக்கும் பரிசு பாக்கி. முகத்தைத் துடைத்துக்கொள். அதன்பிறகு நான் விழுந்ததைப் பற்றி நீ வாய் திறக்கக்கூடாது, நிலத்தைப் பற்றி வாய் திறக்காமல் இருக்கவும் கூடாது. எனக்குப் பிறகு இந்தப் பேர் உனக்குத்தான். கரடிப் பாறையிலிருந்து ஆற்று வளைவு வரை, மலை முகடு வரை. ஒரு தடவை சத்தமாகச் சொல்லிப் பார்.

நம் முன்னோர் உன்னோடு இருக்கட்டும்.

உறுதியான நாற்காலியில் அமர்ந்து எழுதும்
உன் அம்மா வெர்னா