பச்சைக் கோட்டில் ஓர் ஆடு

மே 6, திங்கள்
மாமாவின் ஆடு அப்பாவின் ஒலிவ் கன்றைத் தின்றுவிட்டது. சைப்ரஸில் ஒன்பது வருடம் வேலை செய்துவிட்டு ஆசையாகக் கொண்டுவந்த கன்று! "அந்த நாட்டுக் கொடியிலயே இருக்குற எல. அத தின்னுருச்சே!" என்று அப்பா எங்கள் தேயிலைத் தோட்ட லய வரிசையே அதிரக் கத்தினார். சுவரை ஒட்டிய அடுத்த காம்பரா வீட்டிலிருந்து செல்லமுத்து மாமா, அம்மாவின் தம்பி: "ஆட்டுக்கு கொடியெல்லாம் தெரியுமா மச்சான்?"

மே 9, வியாழன்
இரண்டு வீட்டுத் தோட்டத்துக்கும் நடுவில் அப்பா பச்சைக் கயிறு கட்டிவிட்டார். சைப்ரஸ் தலைநகரில் கிரேக்கர்களும் துருக்கியர்களும் அடித்துக்கொண்டபோது, ஒரு வெள்ளைக்காரத் துரை வரைபடத்தில் பச்சைப் பென்சிலால் கோடு போட்டாராம். எழுபத்து நான்கில் துருக்கிப் படை வந்து இறங்க, தீவே இரண்டாகிவிட்டதாம். "வடக்கு அவன். தெக்கு நாம" என்றார் அப்பா. சரிதான், தண்ணீர்ப் பைப் வடக்கில் இருக்கிறதே! குடத்தோடு சுற்றிப் போவது நான்தானே?

மே 12, ஞாயிறு
எனக்குப் பேசியிருக்கும் ரஜீவின் அம்மா லுணுகலையிலிருந்து போன் எடுத்தார். "பரிசத்தட்ட தாய்மாமன் கையாலதான் வாங்கணும். அவரு வரலைன்னா அடுத்த வருசம் பாத்துக்கலாம்மா."

ஒரு ஆட்டுக்காக என் கல்யாணம் நிக்கணுமா? அழுது தீர்த்தேன். அப்பாவோ, "வெத்தல வச்சு கூப்புடணும்னா நான்தான் கோட்ட தாண்டணும். முடியாது" என்கிறார்.

மே 16, வியாழன்
இன்று மடக்கினேன். "ஏம்ப்பா, அங்க இன்னும் யாரும் அந்தப் பக்கம் போறதே இல்லையா?"

"ரெண்டாயிரத்து மூணுல வழி தொறந்துட்டாங்க. பாஸ்போட்ட காட்டிட்டு போய்ட்டு வருவாங்க..." சொல்லிவிட்டு முழித்தார். நான் விடுவேனா? வெற்றிலைத் தட்டைக் கையில் கொடுத்தேன்.

மே 17, வெள்ளி
அப்பா கயிற்றைத் தாண்டினார். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மாமா, "பாஸ்போட் எங்க மச்சான்?" என்றார். நடுவில் ஒரு சுவர்தானே, எல்லாம் கேட்டிருக்கிறது. எனக்கு உயிரே போய்விட்டது. அப்பா திரும்பி வந்தார், பெட்டியைக் கிளறினார், பழைய பாஸ்போட்டை எடுத்துக்கொண்டு மறுபடி போனார்! மாமா கட்டைவிரலில் குங்குமம் தொட்டு அதன் ஒரு பக்கத்தில் முத்திரை குத்தினார். பிறகுதான் வெற்றிலையை எடுத்தார்.

மே 26, ஞாயிறு
பரிசம் முடிந்தது. தட்டை மாமாதான் வாங்கினார். பந்தல் போட்டதும் அந்தக் கோட்டின் மேலேயேதான்.

கறிக்கென்று மாமா அந்த ஆட்டையே கொண்டுவந்து கட்டினார். அப்பா வெட்ட விடவில்லை. கோழிக்கறிதான். இதை எழுதும்போது அப்பா பலா இலை ஒடித்து ஆட்டுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். "பாஸ்போட் இருக்காடா ஒனக்கு?" என்று அதட்டலும் நடக்கிறது.